அப்பத்தா வீட்டுப் பானைகள் – ஒரு லேப் ரிப்போர்ட்

(மூன்றாம் ஆண்டு அமைப்பியல் மாணவன்)



இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் கல்லூரிக் கண்காட்சியில், வாசலுக்கு வலப்பக்கம் ஒரு பெரிய பானை நின்றது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கருநீல எனாமல் பெயிண்ட், அதன்மேல் தங்க நிறத்தில் ஓர் அய்யனார் குதிரை, கழுத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லுகள். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். அதை வைத்தவன் அடியேன்தான்.

அந்தப் பானை அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்ததும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மார்கழியில் குதிரையின் தலை உதிர்ந்தது. பெயிண்ட் மட்டும் உதிர்ந்திருந்தால் பரவாயில்லை. அதோடு பானையின் தோலும் அரை அங்குலம் அகலத்துக்குச் சில்லுச் சில்லாக உரிந்து வந்தது. உள்ளே தொட்டால் செங்கல் பொடி மாதிரி விரலில் ஒட்டியது.

அப்பத்தா திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது புளிப்பானையில்ல? நாப்பது வருசமா உப்பு குடிச்ச பானை. அது மேல போயி டப்பா பெயிண்ட அடிச்சா நிக்குமா? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல" என்றது. அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சில் இருந்த கெமிஸ்ட்ரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு செமஸ்டர் பிடித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் பழைய பானை இருந்து, அதைப் பெயிண்ட் அடித்து வரவேற்பறையில் வைக்கலாம் என்று நினைத்திருந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு முதலில் இதைப் படியுங்கள்.

எங்கள் ஊர் மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம் தாண்டித் தெற்கே வர வேண்டும். ஒரு பக்கம் பாக் நீரிணைக் கடல், மறு பக்கம் கண்மாயும் வயலும் கருவேலங்காடும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போடாமல் ஒரு வாரம் விட்டால் துரு ஏறிவிடும். காற்றிலேயே உப்பு. இது பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பத்தா வீடு பழைய ஓட்டு வீடு. அதில் பிளாஸ்டிக் டப்பா நுழைந்ததெல்லாம் என் காலத்தில்தான். அதற்கு முன்னால் எல்லாமே மண். தண்ணீருக்குச் சால். விதைநெல்லுக்கு ஒரு மொடா. அறை மூலையில் அடுக்குப்பானை, அடியில் பெரியது, மேலே போகப்போகச் சின்னது. உளுந்து, பயறு, மிளகாய் வற்றல் அதில் இருக்கும். அப்பத்தாவின் சிறுவாட்டுக் காசும் அதில்தான், எந்தப் பானை என்று தாத்தாவுக்கே தெரியாதாம். கருவாட்டுக்குத் தனிப்பானை, அது கொல்லைப்புறத் தாழ்வாரத்தில். வீட்டுக்குள் வர அதற்கு உரிமை கிடையாது. புளிக்கு ஒரு பானை. கொட்டை எடுத்த புளியை ஓர் அடுக்கு வைத்து, கல்லுப்புத் தூவி, மறுபடி ஓர் அடுக்கு வைத்து அமுக்குவார்கள். நான் பெயிண்ட் அடித்தது இதைத்தான். பெரிசாக, அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிது குதிர். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று பழமொழி சொல்கிறோமே, அந்தக் குதிர். ஓர் ஆள் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம். என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் குதிர் என்றால் குதிரை கட்டும் இடம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்! தெற்கே இதைக் குலுக்கை என்பார்கள். சில ஊரில் சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடுக்கைப் பூசிவிடுவார்கள். எங்கள் வீட்டுக் குதிர் சுடாதது. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து, தினம் ஒரு முழம் உயர்த்திக் காயவிட்டு, மறுநாள் அடுத்த முழம் என்று அப்பத்தாவும் அதன் மாமியாரும் கையாலேயே கட்டியது. அதற்கு வேளார் தேவையில்லை. சால், மொடா, பானைக்குத்தான் வேளார்.

வெந்த மண்ணும் வேகாத மண்ணும்

இந்த வித்தியாசம் தெரியாமல் பழம்பானையைத் தொடக்கூடாது. களிமண்ணில் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. குழைக்கும்போது நாம் ஊற்றியது ஒன்று. வெயிலில் காயவைத்தால் போய்விடும், மறுபடி நனைத்தால் மறுபடி சேறு. இன்னொன்று களிமண்ணின் அணுக்கட்டமைப்புக்குள்ளேயே இருப்பது. அது சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியஸில்தான் வெளியேறும். அது போய்விட்டால் அப்புறம் எத்தனை குடம் ஊற்றினாலும் மண் சேறாகாது. வேளார் 'வெந்துருச்சு' என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் நாட்டுச் சூளையின் சூடு 700, 800, மிஞ்சினால் 900 டிகிரி. பீங்கானுக்கு 1200க்கு மேல் வேண்டும். அங்கே மண்ணின் ஒரு பகுதி கண்ணாடியாக உருகித் துளைகளை அடைத்துவிடும். நம் பானையில் அது நடப்பதில்லை. துளைகள் திறந்தே இருக்கின்றன. நிறம் வேறு கதை. சூளையில் காற்று தாராளமாகப் போனால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு சிவப்பாகும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் கறுப்பு. பாதி கறுப்பு பாதி சிவப்பாகச் சுடும் வித்தை இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே தெரிந்திருந்தது; கீழடியில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன.

திறந்த துளைதான் பானையின் உயிர். சாலில் தண்ணீர் கசிந்து வெளியே வந்து ஆவியாகும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் குளிர்கிறது. இது பத்தாம் வகுப்பு. அப்பத்தா சொல்வது அதற்கு மேல்: "கடக்காத்து அடிச்சா பானத்தண்ணி குளுராது, மேகாத்து அடிச்சாத்தான் குளுரும்." கடல்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, ஆவியாவது குறைவு. மேல்காற்று வறண்ட காற்று. ஹைக்ரோமீட்டர் இல்லாமல் ஈரப்பதம் சொல்லுகிறது!

அதே துளை வழியாகத்தான் உப்பும் போனது. புளி ஈரம் விட விட, கல்லுப்புக் கரைந்து நாற்பது வருடம் சுவருக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. சாதாரண உப்புக்கு ஒரு குணம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு மேலே போனால் ஈரத்தை இழுத்துத் தானே கரையும்; கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மீமிசலில் விடியற்காலை அந்தக் கோட்டுக்கு மேலே, வெயில் ஏறினால் கீழே. அதாவது தினமும் ஒரு முறை கரைந்து ஒரு முறை படிகமாகிறது. பானை வெறுமனே இருந்தவரை இந்தப் படிகம் வெளித்தோலில் வெள்ளையாகப் பூத்தது, அப்பத்தா துணியால் துடைத்தது. நான் எனாமல் அடித்து வாசலை மூடிவிட்டேன். படிகம் பெயிண்டுக்குப் பின்னால், மண்ணின் துளைக்குள்ளேயே வளர்ந்தது. துளைக்குள் வளரும் படிகம் ஆப்பு அடிப்பது போல. மண் பிளந்தது.

சந்தேகத்துக்கு ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் மெல்லிய உருளைக்கு pd/2t படித்தோமே. 60 சென்டிமீட்டர் விட்டம், 60 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர், சுவர் 1 சென்டிமீட்டர். அடியில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 5.9 கிலோநியூட்டன். வளைய இழுவிசை வருவது 0.18 நியூட்டன், சதுர மில்லிமீட்டருக்கு. பானை வடிவம் உருண்டை என்பதால் உண்மையில் அதற்கும் குறைவு. சுமாராக வெந்த மண்கூட இதைப் போலப் பல மடங்கு தாங்கும். ஆகவே பானையை உடைப்பது உள்ளே இருக்கும் பாரம் அல்ல. உடைப்பது இடி, உப்பு, நம்மைப் போன்ற ஆட்கள்.

செங்கல் டெஸ்ட்டே போதும்

சிவில் லேபில் செங்கல்லுக்கு உப்புப் பூத்தல் டெஸ்ட் செய்தோம், ஐ.எஸ். 3495, மூன்றாம் பகுதி. செங்கல்லின் ஒரு முனையை 25 மில்லிமீட்டர் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் முழுக்க வற்றும்வரை விட்டு, மறுபடி ஊற்றி வற்றவிட்டு, வெள்ளை எவ்வளவு பூத்தது என்று பார்ப்பது. பரப்பில் 10 சதவீதத்துக்குள் என்றால் லேசு, 50 வரை மிதம், அதற்கு மேல் கடுமை, பொடிந்து உதிர்ந்தால் மிகக் கடுமை. ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதோடு அதை மறந்திருந்தேன். உதிர்ந்த சில்லுகளை ஒரு தட்டில் நிறுத்தி அதே டெஸ்ட்டைச் செய்தேன். மூன்றாம் நாள் சில்லு உப்புமூட்டை மாதிரி ஆகிவிட்டது. லேப் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "கடைசிக் கட்டம்டா இது, செங்கல்லாயிருந்தா லோடோட திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார்.

வைத்தியம் இதுதான். பெயிண்ட் ரிமூவர் போட்டு, மரச்சீவலால் எனாமலைச் சுரண்டினேன், இரும்புப் பிரஷ் கூடாது. பிறகு பெரிய தொட்டியில் கண்மாய்த் தண்ணீர் ஊற்றிப் பானையை முக்கி வைத்தேன். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, ஆகவே அது ஆகாது. எவ்வளவு உப்பு வெளியே வருகிறது என்று பார்க்க, முதலாமாண்டில் செய்த சில்வர் நைட்ரேட் சோதனை. ஊறிய தண்ணீரில் சில துளி விட்டால் குளோரைடு இருக்கும் அளவுக்கு வெள்ளையாகக் கலங்கும். ஊற்றுவதற்கு முன் இருந்த தண்ணீரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், ஏனென்றால் அதிலேயே கொஞ்சம் குளோரைடு இருக்கும். கடைசி நாலு முறைக்கு மட்டும் தாழ்வாரத்து டிரம்மில் பிடித்த மழைத்தண்ணீர். 23ஆம் நாள் இரண்டு குழாயும் ஒரே மாதிரி தெரிந்தன. நிழலில் இரண்டு வாரம் காயவைத்தேன். உரிந்த இடம் உரிந்ததுதான், அது திரும்ப வராது. ஆனால் அதற்கப்புறம் புதிதாக உதிரவில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வேகாத மண்ணை இப்படி முக்கினால் மறுநாள் தொட்டியில் சேறுதான் இருக்கும். முதலில் ஒரு சின்னச் சில்லை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். விரலால் சுண்டியும் பாருங்கள். நன்றாக வெந்து விரிசல் இல்லாதது கணீர் என்னும், விரிசல் இருந்தால் 'டொக்'. சந்தையில் பானை வாங்கும் ஆத்தாமார்கள் செய்வது இதுதான். நாம் அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்து லேபில் செய்கிறோம்.

அப்படியானால் அலங்காரத்துக்கு வைக்கவே கூடாதா? வைக்கலாம். எனக்கு அதில் ஆசைதான். மூச்சை அடைக்காமல் வைக்க வேண்டும், அவ்வளவே. நிறம் வேண்டுமானால் காவி, சுண்ணாம்பு. இரண்டும் துளையை அடைப்பதில்லை, வேண்டாமென்றால் கழுவிவிடலாம். பளபளப்புக்கு வார்னிஷ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது என் குதிரைதான் ஞாபகம் வருகிறது. செடி வைப்பதென்றால் மண்ணை நேரே கொட்டாதீர்கள். உரத்திலும் உப்பு உண்டு. உள்ளே தனித் தொட்டி வைத்து அதில் செடி. அடி உருண்டையான பானையைச் சிமெண்ட் வைத்துத் தரையில் பதிப்பதைப் பல ஓட்டல் வாசலில் பார்க்கிறேன். பாவம், அதற்கென்றே வைக்கோல் பிரிமணை இருக்கிறது. பாரம் ஒரு புள்ளியில் இறங்காமல் வளையமாகப் பரவும். விளக்கு மாட்ட ஓட்டை போட வேண்டுமென்றால் டிரில்லில் ஹேமர் மோடை அணைத்துவிட்டு, ஓடு துளைக்கும் பிட்டால், தண்ணீர் விட்டு விட்டு மெதுவாக. உடைந்ததை ஒட்ட அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை உபயோகிக்கிறார்கள். அசிட்டோன் விட்டால் ஒட்டு பிரிந்துவிடும், தப்பாக ஒட்டினால் திருத்தலாம். அரால்டைட் அப்படி விடாது. சிமெண்ட் பூச்சு வேண்டவே வேண்டாம். அதிலும் கரையும் உப்பு இருக்கிறது, பானையை விட விறைப்பு வேறு.

பழம்பானையை வேறு வேலைக்கு எடுப்பது புதுப் பழக்கமும் அல்ல. ரோமாபுரியில் 4ஆம் நூற்றாண்டில் ஹெலனா அரசியின் கல்லறைக் கட்டடத்தில், மேற்கூரை வளைவின் பாரத்தைக் குறைக்கக் காலி ஜாடிகளைக் காரைக்குள் பதித்தார்கள். அந்தப் பேட்டைக்கே 'பானைக் கோபுரம்' என்ற பொருளில்தான் பெயர், டோர் பிக்னத்தாரா. நாம் இப்போது ஃபில்லர் ஸ்லாப் என்று படிப்பதும் இதே யுக்திதான். அந்த ரோமானிய ஜாடிகளின் உறவுக்காரர்கள் நம் கடற்கரைக்கும் வந்திருக்கிறார்கள். இதே கரையில் தெற்கே போனால் வரும் அழகன்குளத்தில், மது வந்த ஜாடிகளின் ஓடுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்த்தால் மண்பானைக்குப் பக்கத்தில் பர்மா ஜாடிகள் நிற்கும். மார்த்தபான் துறைமுகத்தின் பெயரால் அந்த ஜாதியையே மார்த்தபான் என்கிறார்கள். இபின் பதூதா 14ஆம் நூற்றாண்டிலேயே, ஊறுகாய் நிரப்பிய மார்த்தபான் ஜாடிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றுக்குக் கண்ணாடிப் பூச்சு உண்டு, உப்பு இறங்காது. ஊறுகாய்க்குப் பீங்கானும் தண்ணீருக்கு மண்ணும் என்று நம் பாட்டிமார் பிரித்து வைத்தது வசதியைப் பார்த்து மட்டும் அல்ல.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வீட்டு மொடா வேறு, மண்ணுக்கடியில் கிடைக்கும் தாழி வேறு. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். நம் மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையிலும் 2021இலும் 2023இலும் அகழாய்வு நடந்தது. நாளைக்கு நீங்கள் சைட்டில் அஸ்திவாரம் தோண்டும்போது பெரிய பானை வாய் தெரிந்தால், ஜேசிபியை நிறுத்திவிட்டுத் தாசில்தாருக்குத் தகவல் கொடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இரண்டும் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள், அது ஒருவருடைய சமாதி. வரவேற்பறையில் குடை வைக்கிற சாமான் அல்ல.

கடைசியில் குதிர்

பழைய வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்டப் போகிறோம். தை பிறந்ததும் ஜேசிபி வருகிறது. இது தெரிந்து ஒரு வியாபாரி வந்தார். சாலைத் தட்டிப் பார்த்து 900 ரூபாய் என்றார். அப்பா கொடுத்துவிட்டார். இரண்டு மூட்டை சிமெண்ட் ஆயிற்று, அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மொடாவைக் கேட்டபோது அப்பத்தா, "வெதநெல்லு கெடக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்தது. கிடப்பது அரைப்படிகூட இருக்காது. அப்புறம் அவர் குதிரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். நிலையின் அகலம் இரண்டே முக்கால் அடி. குதிரின் வெளிவிட்டம் மூன்றரை அடிக்கும் மேலே. அறையைக் கட்டிய பிறகு உள்ளேயே வளர்த்தது, வெளியே வர வழியே கிடையாது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். உள்விட்டம் 1 மீட்டர், உயரம் 1.8 மீட்டர், சுவர் 5 சென்டிமீட்டர். கொள்ளளவு 1.4 கன மீட்டர், நெல்லென்றால் சுமார் 800 கிலோ. "பன்னெண்டு மூட்டை புடிக்கும்" என்று அப்பத்தா சொன்னது 60 கிலோ மூட்டைக் கணக்கில் ஒரு மூட்டைதான் வித்தியாசம். அதையும் கேட்டேன். "மேல கை விட எடம் வேண்டாமா?" என்றது.

சுடாத மண் 800 கிலோவை எப்படித் தாங்கியது? 1895இல் ஜான்சன் என்ற ஜெர்மானிய இன்ஜினீயர் கண்டுபிடித்தது இது. தானியம் தண்ணீர் மாதிரி ஆழத்துக்கு ஆழம் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதில்லை. சுவரோடு உராய்ந்து பாதிப் பாரத்தைச் சுவர்மேலேயே ஏற்றிவிடும். உராய்வுக் கெழுவையும் பக்க அழுத்த விகிதத்தையும் 0.4 என்று வைத்துக்கொண்டால், எங்கள் குதிரின் அடியில் பக்கவாட்டு அழுத்தம் சுமார் 2.4 கிலோநியூட்டன். அதே உயரம் தண்ணீர் நின்றால் 17.7. ஏழில் ஒரு பங்கு! வைக்கோல் நார் கலந்த ஐந்து சென்டிமீட்டர் மண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. அடியில் தக்கை வைத்து அடைத்த ஒரு துளை, நெல் எடுக்க. மேலே புது நெல் கொட்டி, கீழே பழைய நெல் எடுப்பது. கொட்டுவதற்கு முன் நெல்லை நன்றாகக் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்து, நொச்சி இலை போட்டுக் கொட்டுவார்கள். எட்டு மாதம், ஒரு வருடம் வைக்க வேண்டிய நெல்லில் ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது இப்போது புத்தகத்தில் இருக்கிறது. பல்லில் 'டக்' என்று உடைய வேண்டும் என்பது அப்பத்தா அளவு.

பிளான், எலிவேஷன், செக்ஷன் மூன்றும் 1:10 ஸ்கேலில் வரைந்துவிட்டேன். வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன், இதாவது மிஞ்சட்டும் என்று. அப்பத்தா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "இது எதுக்குப்பா? மண்ணு எங்க போயிரப் போவுது? வேகாத மண்ணுதான. இடிச்சுக் கரைச்சுட்டு, புது வீட்ல இடுப்பளவுக்குச் சின்னதா ஒண்ணு போட்டுக்குவோம். எனக்குக் கை ஓடாது. நீ கொழைச்சுக் குடு, நான் சொல்றேன்."

ஒரு செமஸ்டர் முழுக்க வெந்த மண், வேகாத மண் என்று படித்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

தக்கையை மட்டும் இப்போதே எடுத்து அடுக்குப்பானையில் போட்டு வைத்திருக்கிறது. வைக்கோல்தான் புதிதாக வேண்டும். மெஷின் அறுப்பு வைக்கோல் நொறுங்கிப் போகிறது, நார் நிற்காது, கையறுப்பு வைக்கோல்தான் வேண்டும் என்கிறது. எங்கள் பக்கம் இந்த வருடம் எல்லாமே மெஷின் அறுப்பு. உங்கள் ஊரில் யாராவது கையால் அறுத்திருந்தால், இரண்டு கட்டுப் போதும், எனக்குச் சொல்லுங்கள். சிவில், கடைசி பெஞ்ச்.